முதல் ஸ்க்ரோல் சா வேலை: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, மரத்தில் வளைவான உருவங்களை வெட்டும் மெஷின். அதில் முதல் துண்டை வெட்டி எடுத்ததும் கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம் என்று கிடப்பதைப் பார்த்து, "நமக்குக் கை ஓடாது" என்று மெஷினை மூடி வைத்துவிடுகிறவர்கள் பலர். அவசரப்பட வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை கையால் வருவதில்லை. பொருந்தாத பிளேடு, சரியில்லாத டென்ஷன் (பிளேடின் இறுக்கம்), மரத்தை அளவுக்கு மீறித் தள்ளுவது ஆகிய மூன்றில் ஒன்றுதான் எங்காவது ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் அதே கை அடுத்த துண்டை ஒழுங்காக வெட்டும்.

கோளாறைத் தேடுமுன் ஒரு நிலையான தொடக்கம் வேண்டும். இல்லாவிட்டால் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. 12 முதல் 18 மி.மீ. கனமுள்ள, கணு இல்லாத பைன் போன்ற மென்மையான மரம், 5-ஆம் எண் ஸ்கிப் டூத் பிளேடு (ஒரு பல் விட்டு ஒரு பல் உள்ளது; எண் கூடினால் பிளேடும் பற்களும் பெரிது), வேகம் பாதி அளவில். இந்த மூன்றோடு தொடங்குங்கள். 3 மி.மீ. பிளைவுட் சுலபமாக இருக்கும் என்று நினைத்து அதில் தொடங்கினால்தான் கஷ்டம். மெல்லிய பலகை பிளேடுக்குத் தடையே கொடுக்காது. கண் கோட்டைப் பிடிப்பதற்குள் பிளேடு தாண்டிப் போய்விடும். சற்றுக் கனமான மரம் வேகத்தைத் தானே அடக்கி, யோசிக்க நேரம் கொடுக்கும்.

முதல் டிசைனும் அப்படித்தான். மீன், இலை, யானை போல வளைவுகள் நிறைந்த உருவத்தை எடுங்கள். பெயர்ப்பலகை, சதுரப் பெட்டி எல்லாம் பிறகு வரட்டும். இந்த மெஷினில் வளைவை விட நேர்கோடுதான் கடினம். வளைவு அரை மி.மீ. விலகினாலும் யாருக்கும் தெரியாது. நேர்கோடு விலகினால் அடுத்த கணமே கண்ணில் படும்.

பிளேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் போடாமல் ஸ்விட்சைத் தொட வேண்டாம். இந்த மெஷினின் தூள் மிக நுண்ணியது, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை வெட்டினால் இன்னும் மோசம்.

பிளேடு அடிக்கடி அறுந்துபோகிறது

அறுந்த இடத்தைப் பாருங்கள். காரணத்தை அதுவே சொல்லும்.

நடுவில், மரத்தை வெட்டும் பகுதியில் அறுந்திருந்தால் அதிகமாகத் தள்ளியிருக்கிறீர்கள், அல்லது பிளேடு மழுங்கிய பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்: மழுங்கியதால் வெட்டாது, வெட்டாததால் தள்ளுவோம், தள்ளியதால் சூடாகி அறும். பிளேடின் முனையைப் பிடிக்கும் கிளாம்பின் ஓரத்தில் அறுந்திருந்தால் டென்ஷன் மிகுதி, அல்லது மேல் கிளாம்பும் கீழ்க் கிளாம்பும் ஒரே நேரில் இல்லாமல் பிளேடு அங்கே மடங்கி நிற்கிறது.

டென்ஷனைச் சோதிக்க இரண்டு வழி உண்டு. மெஷின் நின்றிருக்கும்போது பிளேடின் நடுவில் விரலால் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். 3 மி.மீ.க்கு மேல் வளைந்தால் தளர்வு. அல்லது தந்தியை மீட்டுவது போல நகத்தால் தட்டுங்கள். தெளிவான, உயர்ந்த ஓசை வர வேண்டும். மந்தமாக 'டொப்' என்று கேட்டால் இன்னும் முறுக்க வேண்டும். புதிதாகப் போட்ட பிளேடு முதல் சில நிமிடங்களில் கொஞ்சம் நீளும். ஆகவே ஒரு சின்ன வெட்டு முடிந்ததும் மறுபடி சோதியுங்கள். தளர்ந்த பிளேடும் அறும் என்பது பலர் கவனிக்காத விஷயம். வெட்டுக்குள் முறுகி முறுகியே அது களைத்துப்போகும்.

ஒரு பிளேடு எவ்வளவு நேரம் உழைக்கும்? கடினமான மரத்தில் 15 முதல் 30 நிமிட வெட்டோடு பல பிளேடுகளுக்கு வேலை முடிந்துவிடும். பிளைவுட்டில் ஒட்டுப்பசை பற்களைச் சீக்கிரம் தின்றுவிடும். பிளேடு அறுவதை உங்கள் தோல்வியாக எண்ண வேண்டாம். உப்புத்தாள் தேய்வது போல அது செலவாகும் பொருள். ஒரே எண்ணில் ஒரு டஜனாவது வாங்கி வைத்துக்கொண்டு, தள்ள வேண்டியிருக்கிறது என்று கை உணர்ந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

மெல்லிய பலகையே தொடர்ந்து வெட்டினால் பிளேடின் கீழ்ப்பகுதியில் உள்ள சில பற்கள் மட்டுமே தேயும். டேபிளின் மேல் 12 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை டபுள் சைடு டேப்பால் ஒட்டினால் வேலை சற்று உயர்ந்து, தேயாத பற்கள் வெட்டத் தொடங்கும். அதே பிளேடு கூடுதலாகக் கொஞ்ச நேரம் வரும்.

பிளேடு கிளாம்பிலிருந்து நழுவுகிறது

புதிய பிளேடில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதுதான் முதல் சந்தேகம். இரண்டு முனைகளையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, 220 எண் உப்புத்தாளை மடித்து முனைகளை இரண்டு தடவை இழுங்கள். கிளாம்பின் உள்முகத்தையும் அதே தாளால் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் நழுவினால் கிளாம்ப் ஸ்க்ரூவைக் கழற்றி நுனியைப் பாருங்கள். தேய்ந்து பளபளப்பாகியிருந்தால் அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கலாம், அல்லது மாற்றிவிடலாம். பிளையர் போட்டு முறுக்கினால் ஸ்க்ரூ மரையே கெட்டுப்போகும்.

கோட்டை விட்டு எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது

அதிகம் பேரை மனம் தளர வைப்பது இதுதான். உண்மையில் குறை பிளேடு தயாராகும் முறையில் இருக்கிறது. பெரும்பாலான பிளேடுகளில் பற்களை வெட்டி உருவாக்கும்போது ஒரு ஓரத்தில் நுண்ணிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டும். அதனால் பிளேடு அந்தப் பக்கமே, பெரும்பாலும் வலப்பக்கம், நகரப் பார்க்கும். மரத்தை நேராக நீட்டித் தள்ளினால் வெட்டு நேராகப் போகாது.

கழிவுத் துண்டில் ஒரு நேர்கோடு வரைந்து மெதுவாக வெட்டிப் பாருங்கள். கோட்டில் நிற்க வேண்டுமானால் மரத்தை ஒரு பக்கமாகச் சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். எந்தக் கோணத்தில் வெட்டு கோட்டோடு ஒட்டிப் போகிறதோ, அதுதான் அந்தப் பிளேடின் நேர். சில பாகையளவு சாய்வு முற்றிலும் இயல்பு. கட்டை வைத்து அதையொட்டித் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கட்டை மரத்தைத் திருப்ப விடாது, பிளேடு வளைந்து வெட்டு கெடும்.

புதிய பிளேடு போட்டதும் அதன் பின்புறத்தையும் பக்கங்களையும் ஓடும்போதே மெல்லிய சாணைக்கல்லால் தொட்டு உரசி இந்தப் பிசிறைக் குறைப்பவர்கள் உண்டு. பழகிய பிறகு செய்யலாம். முதல் வாரங்களில் கோணத்தைப் பழகுவதே போதும்.

ஒரு பக்கம் மட்டுமல்லாமல் இரு பக்கமும் அலைந்தால் கதை வேறு. அப்போது டென்ஷன் தளர்வு, அல்லது உங்கள் பார்வை பிளேடு மேல் இருக்கிறது. கண் பிளேடுக்கு 2, 3 மி.மீ. முன்னால், வரப்போகும் கோட்டில் இருக்கட்டும். கோட்டின் நடுவில் வெட்டாமல், கழிவுப் பக்கத்தை ஒட்டி வெட்டுங்கள். விலகிவிட்டதா? வெடுக்கென்று திரும்பிக் கோட்டைப் பிடிக்க வேண்டாம். அடுத்த 10 மி.மீ. தூரத்தில் மெல்லச் சேருங்கள். டிசைன் தாளை உரித்த பிறகு கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெடுக்கென்று திரும்பிய இடத்தின் முண்டு மட்டும் என்றைக்கும் தெரியும்.

தோள் இறுகியிருந்தாலும் கை அலையும். முழங்கை டேபிள் உயரத்துக்கு வரும்படி நாற்காலியைச் சரிசெய்து, இரு உள்ளங்கைகளையும் டேபிளில் ஊன்றிக்கொள்ளுங்கள். விரல் பிளேடின் நேர் பாதையில் இருக்கக் கூடாது.

மேல் பக்கம் சரியாக இருக்கிறது, அடிப்பக்கம் அளவு மாறுகிறது

பிளேடு டேபிளுக்குச் செங்குத்தாக இல்லை. புதிர்ப் பலகை செய்பவர்களுக்கு இது உடனே தெரியும்: துண்டுகள் மேல் பக்கமாக மட்டும் கழலும், அல்லது அடிப்பக்கமாக மட்டும் கழலும். சரியாக வெட்டிய புதிரில் துண்டு இரு பக்கமும் வரும்.

டேபிள் அடியில் உள்ள பாகை அளவை நம்ப வேண்டாம்; சின்ன மெஷின்களில் அது தோராயம்தான். சிறிய மூலைமட்டத்தை வைத்து முதலில் சரிசெய்யுங்கள். பிறகு இன்னும் நுட்பமான சோதனை ஒன்று. 40 மி.மீ. கனமுள்ள கட்டையில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சின்ன வெட்டுப் போட்டு மெஷினை நிறுத்துங்கள். கட்டையைத் தலைகீழாக்காமல், டேபிளின் மீதே அரைச் சுற்றுத் திருப்பி, பிளேடின் பின்புறத்துக்குக் கொண்டுபோய் அந்த வெட்டைப் பிளேடோடு பொருத்துங்கள். மேலிருந்து கீழ்வரை பிளேடு வெட்டுக்குள் சுலபமாக நுழைந்தால் டேபிள் மட்டம். மேலோ கீழோ இடித்தால் சாய்வு இருக்கிறது. கண்ணில் படுவது உண்மையான பிழையைப் போல இரு மடங்கு என்பதால், தெரிகிற இடைவெளியில் பாதியளவு மட்டும் டேபிளைச் சாய்த்து மறுபடி வெட்டிப் பாருங்கள்.

டேபிள் சரியாக இருந்தும் கனமான மரத்தில் வெட்டு சாய்ந்தால், தள்ளும் அழுத்தத்தால் பிளேடு வில்லாக வளைகிறது. இதற்கு 7 அல்லது 9-ஆம் எண் பிளேடு போட்டு, டென்ஷனைக் கூட்டி, மெதுவாகப் போக வேண்டும். சோதிக்க ஒரு வழி: வெட்டிக்கொண்டிருக்கும்போது தள்ளுவதை நிறுத்துங்கள். மரம் தானாக உங்களை நோக்கிப் பின்வாங்கினால், அதுவரை பிளேடு வளைந்துதான் இருந்தது.

மரம் படபடவென்று துள்ளுகிறது

பயம் தரும் சிக்கல் இது. துள்ளினால் கையால் அமுக்கிப் பிடிக்கப் போகாமல் முதலில் ஸ்விட்சை அணையுங்கள். காலால் அழுத்தும் ஸ்விட்ச் இருந்தால் இந்த இடத்தில் மிகவும் உதவும்.

பிளேடு மேலேறும்போது மரத்தையும் இழுத்துக்கொண்டு போவதுதான் துள்ளல். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். பிளேடைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா? பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். விரலால் மேல்நோக்கித் தடவினால் சொரசொரக்கும், கீழ்நோக்கித் தடவினால் வழுக்கும். புதியவர்களிடம் இது வியக்கத்தக்க அளவு அடிக்கடி நடக்கிறது. கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அடுத்து, ரிவர்ஸ் டூத் பிளேடா? அதன் அடிமுனையில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும். பிளேடு உச்சியில் நிற்கும்போது அவற்றில் 2, 3 பற்கள் மட்டும் டேபிளுக்கு மேல் தெரிய வேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் பிளேடைச் சற்று இறக்கிப் பொருத்துங்கள். மூன்றாவது, பலகையின் கனத்துக்குள் குறைந்தது 3 பற்களாவது இருக்கின்றனவா? 3 மி.மீ. பலகையில் பெரிய பல் பிளேடு கொக்கி போல மாட்டி இழுக்கும். அங்கே 1 அல்லது 2-ஆம் எண் வேண்டும்.

இவை எல்லாம் சரியென்றால் பலகை நெளிந்திருக்கிறதா பாருங்கள். தட்டையான இடத்தில் வைத்தால் ஆடுகிற பலகை மெஷினிலும் ஆடும். அதை ஒதுக்கிவிடுங்கள். மரத்தை டேபிளோடு அழுத்தும் பாதம் பார்வையை மறைக்கிறது என்று பலர் கழற்றிவிடுவார்கள். தொடக்கத்தில் மாட்டி வைத்திருப்பது நல்லது. மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் உயரம் போதும்.

வெட்டின் ஓரம் கருகுகிறது

பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது மரத்தின் கனத்துக்குப் பல் மிகவும் நுண்ணியது. நுண்பற்களுக்கிடையே தூள் வெளியேற இடமில்லாமல் உரசிச் சூடேறும். செர்ரி, மேப்பிள் போன்ற மரங்கள் இயல்பாகவே கருகும். புதிய பிளேடு, ஒரு எண் பெரிதாக. வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் சீராக நகருங்கள். இவற்றோடு டிசைன் தாளின் மேல் பிளாஸ்டிக் பேக்கிங் டேப்பை ஒட்டி வெட்டிப் பாருங்கள். டேப் பிளேடின் உராய்வைக் குறைக்கும். கருகல் வெகுவாகக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பெயர்கிறது

பற்கள் கீழே வெளியேறும் இடத்தில் மர நாருக்குத் தாங்கல் இல்லை. ரிவர்ஸ் டூத் பிளேடு இதற்காகவே வந்தது. கூடவே டேபிளின் பெரிய துவாரத்தை மூடுங்கள்: 3 மி.மீ. பிளைவுட்டில் 2 மி.மீ. துளை போட்டு, அதன் வழியே பிளேடைக் கோத்து, டேபிளோடு டேப் போட்டு ஒட்டினால் போதும். உடைந்த சின்னத் துண்டுகள் துவாரத்துக்குள் விழுவதும் நிற்கும். மெல்லிய பிளைவுட்டை 3, 4 தகடுகளாக அடுக்கி, சுற்றிலும் டேப் இறுக்கி ஒன்றாக வெட்டினால் கடைசித் தகட்டில் மட்டுமே சிராய் இருக்கும். ஒரே வெட்டில் நான்கு பிரதிகளும் கிடைக்கும்.

மூலைகள் கூராக வராமல் உருண்டுவிடுகின்றன

ஓடிக்கொண்டே திரும்புவதால் வருவது. மூலையை அடைந்ததும் முன்னே தள்ளுவதை நிறுத்துங்கள். மெஷின் ஓடட்டும். மரத்தை இம்மியளவு உங்களை நோக்கி இழுத்து, பற்கள் மரத்தைத் தொடாமல் பிளேடின் முதுகு மட்டும் வெட்டுத்தடத்தில் சாய்ந்திருக்கும்படி பிடித்து, நின்ற இடத்திலேயே சுழற்றுங்கள். திரும்பியதும் முன்னே போங்கள். கழிவுத் துண்டில் பத்துச் சதுரங்கள் வெட்டினால் இது கைக்கு வந்துவிடும்.

வெளிமூலைக்கு இன்னொரு வழி: கோட்டைத் தாண்டிக் கழிவுக்குள் நேராகப் போய், அங்கே ஒரு சிறு வளையம் சுற்றி, அடுத்த கோட்டுக்கு வந்து சேருங்கள். உள்மூலையில் வளையத்துக்கு இடமில்லை. ஒரு பக்கம் வெட்டி மூலை வரை வந்து, அதே தடத்தில் பின்வாங்கி, கழிவுக்குள் குறுக்கே போய், மறுபக்கத்திலிருந்து மூலைக்கு வாருங்கள். 5-ஆம் எண் பிளேடு திரும்ப மறுத்தால் 2 அல்லது 3-ஆம் எண்ணுக்கு இறங்கலாம்.

எல்லாத் திசையிலும் வெட்டும் ஸ்பைரல் பிளேடு இருந்தால் மூலைத் தொல்லையே இல்லை என்று தோன்றும். ஆனால் அது அகலமாக, சொரசொரப்பாக வெட்டும்; மர ரேகையின் பக்கம் இழுக்கும். தொடக்கத்தில் அதை எடுக்க வேண்டாம்.

உள்வெட்டில் பிளேடு நுழையவில்லை, அல்லது பலகை டேபிளில் படியவில்லை

உருவத்தின் உள்ளே உள்ள பகுதியை வெட்டி எடுக்க, முதலில் துளை போட்டு அதன் வழியே பிளேடைக் கோக்க வேண்டும். முனையில் குறுக்கு ஊசி உள்ள பின் பிளேடுக்கு சுமார் 5 மி.மீ. துளையாவது வேண்டும். ஊசியில்லாத பிளேடு என்றால் 5-ஆம் எண்ணுக்கு 1.6 மி.மீ. துளை போதும். உங்கள் மெஷின் பின் பிளேடு மட்டுமே ஏற்கும் என்றால் நுண்ணிய உள்வேலை உள்ள டிசைன்களை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அது மெஷினின் வரம்பு, உங்களுடையது அல்ல.

துளையிடும்போது அடியில் கழிவுப் பலகை வையுங்கள். இல்லாவிட்டால் அடியில் கிளம்பும் சிராய், பலகையை டேபிளிலிருந்து தூக்கி வெட்டையே சாய்த்துவிடும். எல்லாத் துளைகளும் போட்ட பிறகு அடிப்பக்கத்தை உப்புத்தாளால் ஒருமுறை தேயுங்கள். துளையைக் கோட்டின் மேல் போடாமல் கழிவுப் பகுதியில், மூலைக்கு அருகில் போடுங்கள்.

வரிசையும் முக்கியம். நடுவில் உள்ள சின்ன உள்வெட்டுகள் முதலில், பெரியவை பிறகு, வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க மரமே இருக்காது.

டிசைன் தாள் பாதியில் உரிகிறது, அல்லது வேலை முடிந்தும் வர மறுக்கிறது

முதலில் மரத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டி, அதன் மேல் டிசைன் தாளை ஒட்டுங்கள். இரண்டு தொல்லையும் ஒரே அடியில் தீரும். ஸ்ப்ரே பசையைத் தாளின் பின்புறம் மட்டும் அடித்து, விரலில் பிசுபிசுக்கும் வரை அரை நிமிடம் விட்டு ஒட்ட வேண்டும். ஈரமாக ஒட்டினால் நழுவும். மரத்தில் தூள் இருந்தால் எதுவும் ஒட்டாது. டேப் இல்லாமல் நேரடியாக ஒட்டி மாட்டிக்கொண்டவர்கள் ஹேர் டிரையரால் சூடு காட்டி உரிக்கலாம். மிச்சப் பசையை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பசை தங்கிய இடத்தில் வார்னிஷ் திட்டுத் திட்டாகத் தெரியும்.

மெஷினே அதிர்கிறது

மேஜையோடு நான்கு போல்ட்டும் போட்டு இறுக்கியிருக்கிறதா? இலகுவான மேஜை என்றால் அடித்தட்டில் மணல்மூட்டை வைத்துக் கனம் கூட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் அந்த வேகத்துக்குச் சற்று மேலோ கீழோ ஓட்டுங்கள்.

மெல்லிய பகுதி ஒடிந்துவிட்டது

மர ரேகைக்குக் குறுக்காகப் போகும் மெல்லிய கால், வால், கொம்பு எல்லாம் ஒடியத்தான் செய்யும். டிசைனை ஒட்டும்போதே நீண்ட மெல்லிய பகுதிகள் ரேகையின் திசையில் வரும்படி திருப்பி ஒட்டுங்கள். எல்லாத் திசையிலும் மெல்லிய பகுதிகள் இருந்தால் பிளைவுட்தான் தகுந்தது. 3 மி.மீ.க்குக் குறைவான இணைப்புப் பாலங்களைக் கோட்டுக்கு வெளியே வெட்டிச் சற்றுத் தடிமனாக்கினாலும் அழகு கெடாது. பலவீனமான பகுதியைக் கடைசியில் வெட்டுங்கள். வெட்டிய உள்துண்டை எறியாமல், தேய்க்கும்போது திரும்ப உள்ளே செருகி வைத்தால் அது தாங்கிப்பிடிக்கும்.

ஒடிந்தே போனாலும் துண்டைத் தேடி எடுங்கள். ஒடிந்த முகத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நார்கள் அப்படியே இருந்தால்தான் ஒன்றோடொன்று பொருந்தும். வெள்ளை மரப்பசை ஒரு சொட்டு, பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்து, மாஸ்கிங் டேப்பால் இழுத்துக் கட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் டேப்பை ரேகையின் திசையில் உரித்து, விட்ட இடத்திலிருந்து புதிய பிளேடோடு தொடரலாம்.